நல்லி எலும்பும் அக்காவின் காலும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பெரம்பலூரில் சின்னதாக ஒரு கறிக்கடை வைத்திருக்கிறேன். கடையிலும் அதிகம் பேசமாட்டேன். என்ன வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள், நான் வெட்டிக் கொடுப்பேன். எலும்புக்குள் என்ன இருக்கிறது, ரத்தக் குழாய் எப்படிப் பழுதாகிறது என்றெல்லாம் எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் என் அக்காவுக்கு நடந்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை. டாக்டர் சொன்னதை எங்காவது தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது, பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்த கடைசிக் காலத்தில். எங்கள் அப்பா ஊரில் கூலிக்கு நெல் அறுக்கப் போனவர். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. நான் ஒரு கறிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்றுக்கொண்டு, பிறகு தனியாக இந்தக் கடையைப் போட்டேன். அக்காவைத் தா.பழூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. கடைக்குப் பின்னால் வீடு, நடுவில் ஒரு கொல்லை. அங்கே மூன்று கல்லைக் கூட்டி விறகு அடுப்பு போட்டு, ஆட்டுத் தலையும் காலும் வாட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். வாட்டுவது என்றால் தீயில் காட்டி மயிரைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, குளம்பைக் கழற்றி, மஞ்சள் தடவிக் கொடுப்பது. மற்ற கடைகளில் மண்ணெண்ணெய் பர்னர் வைத்து அடித்துவிடுவார்கள். அதில் மண்ணெண்ணெய் வாடை இறங்கிவிடும் என்று அக்கா சொல்வாள். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடி வருவார்கள். என் கறியைவிட அக்கா வாட்டிய காலுக்குத்தான் பேர்.

அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஒரு இலவச முகாமில் பார்த்துச் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். அதோடு நோயை அடக்கிவிட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தலை சுற்றினால் மாத்திரை போடுவாள், சுற்றாவிட்டால் போடமாட்டாள். அவள் செருப்பு வழியில் கழன்று கிடக்கும், அது தெரியாமல் வெறுங்காலோடு வீடு வந்து சேர்வாள். நாங்கள் கேலி செய்வோம். "செருப்புக்கு வீட்டு வழி தெரியும், அதுவா வந்துரும்" என்பாள். கால் மரத்துப்போயிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்து கரிநாள். எங்கள் பக்கம் அன்று கறி எடுக்காத வீடு இருக்காது. கடை முன்னால் ரோடு வரை ஆட்கள் நின்றார்கள். பின்னால் அக்காவின் அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தலை, கால் வாட்டும்போது வரும் நாற்றம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மயிர் பொசுங்கும். அப்புறம் தோல் பொசுங்கும். குளம்பு சூடேறினால் அதற்கு வேறொரு காந்தல். எங்கள் வீட்டில் அந்த நாற்றத்தில்தான் சோறு வேகும், பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். எங்கள் மூக்குக்கு அது ஒரு நாற்றமே அல்ல.

என் மனைவி வந்து கத்தியைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டாள். "சத்தம் போடாம உள்ள வாங்க" என்றாள்.

நான் போனபோது அக்கா மணையில் உட்கார்ந்து ஒரு ஆட்டுக்காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வலது பாதத்தை அடுப்போரம் நீட்டியிருந்தாள். விறகு ஒன்று வெடித்து, அதன் கொள்ளி உருண்டு, அவள் சுண்டுவிரலோடு ஒட்டிக்கிடந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்ததோ தெரியாது. அதைப் பார்த்துப் பதறித்தான் என் மனைவி என்னிடம் ஓடி வந்திருக்கிறாள். புகை வந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்திலிருந்தவளிடம் தலைக்கறிக்கு எவ்வளவு மிளகு போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காத்திருந்த பெண்களில் ஒருத்தியும் அதே நேரத்தில்தான் பார்த்தாள். பொறி பட்டிருக்கும், இவள் காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பாள் போல. "என்னக்கா, ஆட்டுக்கால வாட்டச் சொன்னா ஒங் காலையும் சேத்து வாட்டற? அதுக்கும் கூலி கேப்பியா?" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"இது எப்ப பட்டுது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் கொள்ளியைத் தள்ளினேன். தோல் அதோடு போயிற்று. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. தீக்காயம் என்றால் எல்லோருக்கும் பயம் அந்த வலியை நினைத்துத்தான். வலியே இல்லாத தீக்காயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் கொல்லையில் மனுஷி கால் எரிந்திருக்கிறது, அந்த நாற்றத்தை ஆட்டுக்கால் நாற்றம் என்று எல்லோரும் சுவாசித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இந்த நினைப்பு வந்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் மனைவி காயத்தில் புளித்த மாவை ஊற்றினாள். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள், சர்க்கரை கூடுதலாக இருக்கிறது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். போய் வந்தோம். வலி இல்லாததால் அக்கா அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே கட்டுப்போட்ட காலோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

தை முடிந்தது. புண் ஆறவில்லை. பரவவும் இல்லை, மூடவும் இல்லை, அப்படியே இருந்தது. எனக்குக் கையில் கத்தி படாத மாதம் கிடையாது. மஞ்சளை வைத்துக் கட்டினால் மூன்றாம் நாள் மூடிவிடும். ஆகவே அக்காவுக்கு உடம்பில் சத்துப் போதவில்லை என்று நாங்களே முடிவு செய்தோம். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் எலும்பு முறிந்தவனுக்கும் கொடுப்பது நல்லி எலும்பு சூப். தொடை எலும்புக்குள் குழல் மாதிரி ஓடி, அதில் கொழுகொழுவென்று இருக்குமே, அதுதான் நல்லி. எலும்பைத் தட்டி உறிஞ்சுவார்கள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, முடக்கத்தான் இலை சேர்த்து, மண்சட்டியில் சுண்டக் காய்ச்சி, அக்காவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தோம்.

கடையில் நல்லிக்குச் சண்டை வரும் என்பது ஊருக்கே தெரியும். நல்லி ஒன்று வைக்கவில்லையென்றால் கறியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. நான் எல்லாவற்றையும் அக்காவுக்கு எடுத்துவைத்தேன். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒன் ஆடெல்லாம் எலும்புக்குள்ள ஒண்ணுமில்லாமத்தான் நடந்து வந்துச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "அதெல்லாம் அக்காவுக்குப் போவுதுங்க. இனி அக்காவத்தான் வெட்டிப் பாக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா உள்ளேயிருந்து கேட்டு அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மாசி மகத்துக்குப் பிறகு ஒருநாள் கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. அடுத்த விரலும் நிறம் மாறியிருந்தது. கிள்ளினால் ஈரமில்லாத பழைய தோல் மாதிரி இருந்தது. கட்டுப்போடும் நர்ஸம்மா, இனி இங்கே வைத்திருக்காதீர்கள், அரியலூரில் இந்த மாதிரி காலைப் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார், இன்றைக்கே போங்கள் என்றார். அது ஒரு செவ்வாய்க்கிழமை. கடையை அடைத்துவிட்டு நானும் அக்காவும் பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக வெள்ளைத் தூசி வந்து அக்காவின் கால் கட்டின் மேல் படிந்தது. முந்தானையால் அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே வந்தாள்.

சின்ன ஆஸ்பத்திரிதான். டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து மெல்ல மேலே கையை நகர்த்திக்கொண்டே போனார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் கை நின்றது. இதற்கு மேலேதான் சூடு இருக்கிறது என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். அறுத்துத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரமான ஆட்டின் காலைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

என்ன தொழில் என்று கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது. கறிக்கடை என்றேன்.

"அப்ப ஒங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார். "நல்லின்னா என்னன்னு தெரியுமில்ல?"

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நாம் உறிஞ்சித் தின்கிற அந்த நல்லிதான் உடம்பில் ரத்தம் ஊறுகிற இடமாம். மனிதனுக்கும் அப்படித்தான், வயது வந்தவர்களுக்கு இடுப்பெலும்பிலும் நெஞ்செலும்பிலும்தான் அது அதிகமாம். அதில் ரத்தம் மட்டுமல்ல, ரத்தக் குழாயைப் பழுது பார்க்கிற நுண்ணிய அணுக்களும் ஊறுகின்றனவாம். உடம்பில் எங்கே காயம் பட்டாலும் அங்கிருந்து சேதி போகும். அதைக் கேட்டு அவை எலும்பைவிட்டு வெளியே வந்து, ரத்தத்தோடு ஓடிப்போய், கிழிந்த குழாயை ஒட்டும், புதுக் குழாய் போட உதவும். அதனால்தான் எனக்குக் கையில் பட்ட வெட்டு மூன்றாம் நாள் மூடுகிறது. வருடக்கணக்காகச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஊறுகிற இடமே கெட்டுப்போகிறது. அணுக்கள் குறைந்துபோகின்றன. இருப்பவையும் சேதி வந்தால் எழுந்து வருவதில்லை. வந்து சேர்ந்தவையும் வேலை செய்யத் தெம்பில்லாமல் கிடக்கின்றன. இதெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்து வருகிறார்கள், முழுதாக இன்னும் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த வயது வரை எத்தனை நல்லியை உடைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ருசிக்கு இருக்கிற கொழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இளங்குட்டியின் நல்லி சிவப்பாக இருக்கும், கிழட்டு ஆட்டுக்கு வெளுத்து, மஞ்சளாய்க் கொழுப்பு மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். சிவப்பு ஏன் சிவப்பு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அக்காவின் காலில் பட்டது தீ, அதனால் கோளாறு விரலில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவரோ கோளாறு இடுப்பெலும்புக்குள்ளும் நெஞ்செலும்புக்குள்ளும் இருக்கிறது, விரல் அதைக் காட்டிக்கொடுத்தது என்கிறார். வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் நடமாடிய அக்கா, உள்ளே எலும்பு வரைக்கும் கெட்டுப்போயிருந்தாளா?

எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்லி சூப் தினமும் கொடுக்கிறோம் என்றேன்.

"தின்னது வயித்துக்குப் போவும். ஒங்க அக்கா எலும்புக்குள்ள போவாது" என்றார். குரலில் கோபமில்லை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றாகப் படித்த பிள்ளை டீச்சருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்: "பத்தியம் ஒரு நாளு தப்பல சார். புளி தொடல, கருவாடு தொடல. சூப்பு ஆரம்பிச்ச அன்னிலேருந்து இங்கிலீஷ் மாத்திரைய கையாலயும் தொடல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அது எனக்கே அப்போதுதான் தெரியும். எங்கள் பக்கம் நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து சாப்பிடமாட்டார்கள். ஒரு வயிற்றில் இரண்டு மருந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறிக்கும் என்பார்கள். நாங்கள் சூப்பைச் சாப்பாடாகக் கொடுத்தோம். முடக்கத்தான் போட்டு வெறும் வயிற்றில் கொடுத்ததால் அக்கா அதை மருந்தாக எடுத்துக்கொண்டாள். மருந்து என்றால் பத்தியம் உண்டு. பத்தியத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாசி தொடங்கியதிலிருந்து அன்று வரை, குணமாகவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு, அவள் மாத்திரையை ஒதுக்கிவைத்திருக்கிறாள். அக்கா என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

டாக்டர் திட்டவில்லை. மாத்திரை போட்டிருந்தாலும் இந்தக் கால் தப்பியிருக்கும் என்று என்னால் சொல்லமுடியாது, கெட்டது பல வருடமாகக் கெட்டது என்றார். இனி நடக்கவேண்டியதைச் சொன்னார். கறுத்த விரல்களை உடனே எடுக்கவேண்டும். விஷம் மேலே ஏறுகிறது. பெரிய ஊர்களில் இடுப்பெலும்பிலிருந்து அந்த நல்லியை ஊசியால் உறிஞ்சிக் காலில் போட்டுப் பார்க்கிறார்களாம், சோதனைதான், அதற்கெல்லாம் உங்கள் அக்காவுக்கு நேரமில்லை. இன்றைக்கே படுக்கவைத்து, ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி, நாளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

விரலோடு நின்றுவிடுமா என்று கேட்டேன்.

"வெட்டின எடத்துல ரத்தம் வரணும்" என்றார். "வந்தா அங்க உசிரு இருக்கு, ஆறும். வரலன்னா இன்னும் மேல போவணும். வர்ற எடம் வரைக்கும் போவணும்."

இதைக் கேட்டபோது எனக்கு உண்டான திகைப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ரத்தத்தை வடியவிட்டுப் பிழைப்பவன். கறியில் ரத்தம் தங்கக்கூடாது என்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து, வெட்டினால் ரத்தம் வரவேண்டும், விரலிலேயே வரவேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

உள்ளே அக்கா படுத்திருந்தாள். எதுவரைக்கும் போனாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். விஷயத்தை அவளிடம் டாக்டரே சொல்லியிருந்தார். அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்த டாக்டர் தம்பி கைய பாத்தியாடா? நடுங்காம இருக்கா?" என்று கேட்டாள்.

நல்ல கை என்றேன்.

"நீ வெட்டினா ஒரே வெட்டு. அவங்க ரம்பம் வெச்சு அறுப்பாங்களாம்."

அப்புறம் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, எடுத்தத என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"கேட்டு வாங்கிக்க. கடைப்பக்கம் நாயி எப்பிடி இழுக்கும்னு தெரியுமில்ல. ஆழமா தோண்டு."

சரி என்றேன். வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லியில் ஒன்றைத் தின்றாள். சூப் இல்லையா என்று கேட்டாள், பிறகு தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம் கையை நீட்டி வாங்கி உடனே விழுங்கினாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். விரலில் ரத்தம் வரவில்லை. பாதத்திலும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே, டாக்டரின் கை நின்ற இடத்தில் வந்தது. அங்கே நிறுத்தினார்கள். மத்தியானம், எடுத்த காலை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுவந்து சுடுகாட்டோரம் இடுப்பளவு ஆழம் தோண்டிப் புதைத்தேன். மேலே கல்லை அடுக்கினேன். அன்று கடை திறக்கவில்லை.